கண்ணாடி கழன்றது... ராத்திரி விளக்கு மத்தாப்பானது! லேசர் கண் ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எம்.புதுப்பட்டி:

சிவகாசி அருகே உள்ள எம்.புதுப்பட்டி பகுதியில் விடிவதற்கு முன்பே ரோடு விழித்துக்கொள்ளும். தூக்குச்சட்டியோடு பெண்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். பட்டாசு ஆபீசுக்கு ஆள் ஏற்றும் வேன் வரும். எதிரே சரக்கு லாரி வரும். லாரியின் ஹெட்லைட் பளீரென்று கண்ணில் அடிக்கும். அந்த ஒரு வினாடியில், ரோட்டோரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் ஆள் வேன் டிரைவரின் கண்ணுக்கு தெரிந்தாக வேண்டும்.

தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிட்டப்பார்வைக்காக சோடாபுட்டி கண்ணாடி போட்டிருந்த பல இளைஞர்கள் இப்போது "லேசிக்" எனப்படும் லேசர் ஆபரேஷன் செய்து கண்ணாடியை கழற்றி விடுகிறார்கள். கல்யாணம் நிச்சயமாவதற்குள் பெண்ணுக்கு கண்ணாடியை கழற்றிவிட வேண்டும் என்று நகையை அடகு வைத்து செலவு செய்யும் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகவே முடிகிறது. பகலில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் சிலருக்கு பொழுது சாய்ந்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது. "பகல்ல கழுகு மாதிரி தெரியுது. ராத்திரி வண்டி எடுத்தா லைட்டெல்லாம் பூ பூவா விரியுது" என்று தவிக்கிறார்கள். டாக்டரிடம் போனால் போர்டில் உள்ள கடைசி வரி எழுத்து வரை படிக்க முடிகிறது. "பார்வை நல்லாத்தானே இருக்கு" என்ற பதில் வருகிறது. வீட்டிலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இது பொய்யும் இல்லை, பிரமையும் இல்லை. உலகம் முழுக்க டாக்டர்களுக்கு தெரிந்த விஷயம்தான். அது ஏன் வருகிறது, யாருக்கு வரும், வந்தால் என்ன செய்வது? விவரம் வருமாறு:-

மத்தாப்பு, சக்கரம், கோட்டை

இந்த தொல்லை பல விதமாக தெரியும். பட்டாசு ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம்.

தெரு விளக்கில் இருந்து நாலாபுறமும் கதிர் பிரிந்து, கம்பி மத்தாப்பு எரிவது போல தெரிவது ஒரு விதம்.

விளக்கை சுற்றி வட்டமாக ஒளி தெரிவது இன்னொரு விதம். மழைக்காலத்தில் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்போமே, அது மாதிரி. எதிரே வரும் பைக்கின் ஒற்றை விளக்கு தரைச்சக்கரம் போல பெரிதாக தெரியும். வருவது பைக்கா, ஒரு லைட் எரியாத லாரியா என்று தூரத்தில் வைத்து கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, கூச்சம். எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் கண் முழுக்க வெள்ளை அடித்தது போல ஆகிவிடும். வண்டி கடந்து போன பிறகும் கண் தெளிய நேரம் பிடிக்கும்.

நான்காவது, மங்கல். விளக்கே இல்லாத இடத்தில் கருப்பு சட்டை போட்டு நடப்பவர், ரோட்டில் படுத்திருக்கும் மாடு, வேகத்தடை இதெல்லாம் பின்னணியோடு கலந்து விடும். சிலருக்கு ஒரே எழுத்து நிழலோடு இரண்டாக தெரியும்.

சென்னையில் பிறந்தவர் கண்டுபிடிப்பு

இந்த லேசர் ஆபரேஷனுக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த விஞ்ஞானி என்பது பலருக்கும் தெரியாது. அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். 1929-ம் ஆண்டு பிறந்தவர். சென்னை பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனார். அங்கே ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சி கூடத்தில் வேலை பார்த்தார்.

1981-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு வான்கோழி சமைப்பார்கள். விருந்தில் மிஞ்சிய வான்கோழி துண்டை மறுநாள் சீனிவாசன் ஆராய்ச்சி கூடத்துக்கு எடுத்து வந்தார். "எக்சைமர்" என்ற புற ஊதா லேசரை அதன் மீது செலுத்தி பார்த்தார். சுற்றி உள்ள சதை கருகவில்லை, வேகவில்லை. செதுக்கியது போல சுத்தமாக வெட்டு விழுந்தது.

அவரும், உடன் வேலை பார்த்த ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோரும் அதன் பலனை புரிந்துகொண்டனர். ஸ்டீபன் டிரோகல் என்ற கண் டாக்டர் சீனிவாசனோடு சேர்ந்து, 1983-ல் இதை கண் சிகிச்சைக்கு பயன்படுத்தலாம் என்று கட்டுரை வெளியிட்டார். ஐ.பி.எம். விஞ்ஞானிகள் மூவருக்கும் அமெரிக்க அரசின் தேசிய தொழில்நுட்ப பதக்கம் கிடைத்தது. 2013-ல் அப்போதைய ஜனாதிபதி ஒபாமா அதை வழங்கினார்.

லேசர் என்ன செய்கிறது?

கண்ணின் முன்பக்கம் வாட்ச் கண்ணாடி போல வளைந்த, நிறமில்லாத படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு "கார்னியா" என்று பெயர். உள்ளே போகும் வெளிச்சத்தை வளைத்து விழித்திரையில் விழ வைக்கும் வேலையில் பெரும் பங்கு இதனுடையது.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு வெளிச்சம் விழித்திரைக்கு முன்பே குவிந்து விடும். அதனால் தூரத்தில் உள்ளது மங்கும். லேசிக்கில் முதலில் கார்னியாவின் மேல் பகுதியை மெல்லிய மூடி மாதிரி கீறி திறக்கிறார்கள். அடியில் உள்ள பகுதியை லேசர் செதுக்கி நடுவில் தட்டையாக்குகிறது. பிறகு மூடியை பழையபடி மூடி விடுகிறார்கள். லேசர் வேலை செய்யும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து விடும். தையல் கிடையாது.

மூடியே திறக்காமல் மேலாக செதுக்கும் "பி.ஆர்.கே." என்ற முறையும் உண்டு. அமெரிக்காவில் 1995-ல் அனுமதி பெற்ற முறை அது. சிறு துளை வழியாக உள்ளிருந்து மெல்லிய வில்லையை உருவி எடுக்கும் "ஸ்மைல்" என்ற முறைக்கு அங்கே 2016-ல் அனுமதி கிடைத்தது. முறை எதுவானாலும் கார்னியாவின் வடிவத்தை மாற்றுவதுதான் வேலை.

பகலில் சரி... ராத்திரி ஏன் சிக்கல்?

சூட்சுமம் "கண் பாப்பா"வில் இருக்கிறது. கண்ணின் நடுவில் கருப்பாக தெரியும் துவாரம்தான் பாப்பா. வெயிலில் அது சுருங்கும். இருட்டில் விரியும். பகலில் 2 முதல் 4 மில்லி மீட்டர் இருக்கும் பாப்பா, இருட்டில் இளம் வயதுக்காரர்களுக்கு 6, 7, சிலருக்கு 8 மில்லி மீட்டர் வரை கூட விரியும். வயது ஏற ஏற இது குறையும்.

லேசர் முழு திருத்தம் செய்யும் வட்டத்துக்கு ஒரு அளவு உண்டு. இப்போது பெரும்பாலும் 6 முதல் 6.5 மில்லி மீட்டர் வைக்கிறார்கள். அதற்கு வெளியே கொஞ்ச தூரம் சரிவாக இழைத்து விடுவார்கள்.

பகலில் பாப்பா சிறியது. திருத்தம் செய்த நடுப்பகுதி வழியாக மட்டுமே வெளிச்சம் உள்ளே போகிறது. அதனால் பார்வை பளிச். ராத்திரி பாப்பா விரிந்ததும், ஓரத்து சரிவு வழியாகவும், செதுக்காத பகுதி வழியாகவும் வெளிச்சம் நுழைகிறது. நடுவில் வந்த வெளிச்சம் ஒரு இடத்தில் குவிகிறது. ஓரத்தில் வந்தது வேறு இடத்தில் குவிகிறது. ஒரு விளக்குக்கு ஒரு புள்ளியாக தெரிய வேண்டியது, புள்ளியும் அதை சுற்றி வட்டமுமாக தெரிகிறது.

ஓட்டு வீட்டில் தண்ணீர் வடிவதை நினைத்துக் கொள்ளுங்கள். நடு ஓடுகள் நேராக இருந்தால் மட்டும் போதாது. ஓரத்து ஓடு கோணலாக இருந்தால் தண்ணீர் வேறு பக்கம் போகும். தூறலில் தெரியாது. பெரிய மழையில்தான் தெரியும். கண்ணுக்கு பெரிய மழை என்பது ராத்திரி.

கண் டாக்டரிடம் படிக்கும் போர்டு இதை காட்டிக் கொடுக்காது. வெள்ளை வெளிச்சத்தில் கருப்பு எழுத்து. எதிரே கூசும் விளக்கு கிடையாது. அதில் "6/6" என்று எழுதிக் கொடுத்தால், நல்ல வெளிச்சத்தில் பார்வை சரி என்று அர்த்தம். மாட்டுத்தாவணியில் இருந்து ராத்திரி 2 மணிக்கு லோடு ஏற்றி வரும் டிரைவருக்கு அது பாதி பதில்தான்.

டிரைவிங் லைசென்சு வாங்கும்போது கொடுக்கும் உடல்தகுதி உறுதிமொழி படிவமும் கிட்டத்தட்ட இப்படித்தான். 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டை "நல்ல பகல் வெளிச்சத்தில்" படிக்க முடியுமா என்று கேட்கிறது. மாலைக்கண் இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி உண்டு. விளக்கு மத்தாப்பாக விரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

அகலமாக செதுக்கினால் தீராதா?

"அப்படின்னா 8 மில்லி மீட்டருக்கு செதுக்கிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

கார்னியாவின் நடுப்பகுதி தடிமன் சராசரியாக 540 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லி மீட்டர். அதாவது இருப்பதே அரை மில்லி மீட்டருக்கு கொஞ்சம் மேலே. வட்டம் அகலமாக அகலமாக, ஆழமாகவும் செதுக்க வேண்டி வரும். தோராயமாக, 6 மில்லி மீட்டர் வட்டத்துக்கு ஒரு பவருக்கு 12 மைக்ரான் போகும். 7 மில்லி மீட்டர் வட்டத்துக்கு ஒரு பவருக்கு 16 மைக்ரானுக்கு மேல் போகும்.

ஒருவருக்கு மைனஸ் 8 பவர், கார்னியா கொஞ்சம் மெல்லியது, 490 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். மூடிக்கு 110 மைக்ரான் கழிந்தால் மீதி 380. 6 மில்லி மீட்டர் வட்டத்துக்கு 96 மைக்ரான் செதுக்கினால் அடியில் 284 மிஞ்சும். 7 மில்லி மீட்டர் வட்டம் என்றால் 130 போய்விடும். மிஞ்சுவது 250 மட்டுமே. அதற்கு கீழே போகக் கூடாது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் பழைய எல்லை. 300 வரையாவது மிஞ்ச வேண்டும் என்று இப்போது பலர் பார்க்கிறார்கள். அந்த கணக்கில் இப்படிப்பட்ட கண்ணுக்கு லேசிக்கே வேண்டாம் என்று சொல்லி விடுவார்கள். அளவுக்கு மேல் மெலிந்த கார்னியா நாளடைவில் முன்னால் பிதுங்கி, பகல் பார்வையும் கெடலாம்.

ஆக, பவர் அதிகம், கார்னியா மெல்லியது, இருட்டில் பாப்பா பெரியது. இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு சேர்ந்தால் உஷாராக இருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் பாப்பா அளவுதான் முழு காரணம் என்று நினைத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், பழைய பவர் எவ்வளவு, ஆபரேஷனுக்கு பின் மிச்ச பவர் எவ்வளவு என்பதற்கும் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. லேசர் நடு மையத்தில் விழாமல் சற்று தள்ளி விழுந்தாலும் இதே தொல்லை வரும்.

1990-களின் தொடக்கத்தில் செதுக்கும் வட்டம் இன்னும் சிறியதாக, 5 மில்லி மீட்டர் அளவில் கூட இருந்தது. அப்போது ராத்திரி புகார்கள் அதிகம். வட்டம் அகலமானது, ஓரத்தை இழைத்து விடுவது, ஒவ்வொரு கண்ணின் மேடு பள்ளத்தை வரைபடம் எடுத்து அதற்கு தக்கபடி செதுக்குவது என்று மிஷின்கள் மாறிய பிறகு புகார் குறைந்தது. அடியோடு போய்விடவில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது?

அமெரிக்காவின் மருந்து கட்டுப்பாட்டு துறையான எப்.டி.ஏ., அங்குள்ள கடற்படை கண் மருத்துவ பிரிவு, தேசிய கண் மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து இதை ஆராய்ந்தன. கடற்படையினர் 262 பேர், பொதுமக்கள் 312 பேர். லேசிக்குக்கு முன்னும் பின்னும் அவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து பதில் வாங்கினார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு எந்த தொல்லையும் இல்லாதவர்களில், 3 மாதம் கழித்து புதிதாக ஏதாவது ஒரு பார்வை தொல்லை இருப்பதாக 100-க்கு 43 முதல் 46 பேர் வரை சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது விளக்கை சுற்றி வட்டம் தெரிவதைத்தான்.

இதை படித்ததும் பயந்துவிட வேண்டாம். அன்றாட வேலையே கஷ்டம் என்று சொல்லும் அளவுக்கு தொல்லைப்பட்டவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. பார்வை திருப்தி என்றவர்கள் 95-க்கும் மேல். கண்ணாடி போட்டிருந்த காலத்திலேயே வட்டமும் கூச்சமும் இருந்து, லேசிக் செய்த பிறகு அது போனவர்களும் இருந்தார்கள்.

ஆனால் "அன்றாட வேலை" என்பது ஆளுக்கு ஆள் மாறும். சாயங்காலம் 6 மணிக்கு கடையை அடைத்து வீட்டுக்கு போகிறவருக்கு விளக்கை சுற்றி ஒரு வட்டம் தெரிந்தால் பெரிய விஷயம் இல்லை. விருதுநகர், சாத்தூர் வழியாக போகும் நாலு வழிச்சாலையில் விடிய விடிய லாரி ஓட்டுகிறவருக்கு அதே வட்டம் பிழைப்பு பிரச்சினை.

2022-ல் எப்.டி.ஏ. ஒரு வரைவு வழிகாட்டுதல் வெளியிட்டது. ராத்திரி வண்டி ஓட்டுவதில் சிரமம், கண் வறட்சி, இரட்டையாக தெரிவது போன்றவை நீடிக்க வாய்ப்பு உண்டு என்பதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிக்கு புரியும் பாஷையில் எழுதி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கண் வறட்சியும் சேர்ந்தால்...

கார்னியாவை கீறும்போது அதில் உள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடும். அதனால் சில மாதங்களுக்கு கண்ணீர் சுரப்பது குறையும். மேலே சொன்ன ஆய்வில், முன்பு வறட்சி இல்லாதவர்களில் 100-க்கு 30 பேர் வரை 3 மாதத்தில் வறட்சி வந்ததாக சொன்னார்கள்.

கண்ணின் மேலே உள்ள கண்ணீர் படலம் சமமாக இல்லாவிட்டால், தூசி படிந்த கண்ணாடி வழியாக பார்ப்பது போலத்தான். விளக்கு இன்னும் சிதறும். வெயில், புழுதி, ரசாயன தூள் என்று கண்ணை உலர்த்தும் விஷயங்களுக்கு பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத்தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்தில் பஞ்சம் இல்லை. வறட்சியை சரி செய்தாலே ராத்திரி தொல்லை பாதி குறைந்தவர்கள் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லேசிக்கில் கீறிய மூடி மேலாக ஒட்டிக்கொள்ளும். பழைய பலம் முழுசாக திரும்பாது. பலமாக அடிபட்டால் வருடங்கள் கழித்தும் அது நகர்ந்து போகலாம். தெறிக்கும் வேலை, வெட்டும் வேலை பார்க்கிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்லி, மூடி இல்லாத முறை பொருந்துமா என்று கேட்பது நல்லது. ஆபரேஷன் செய்தவர்கள் வேலை நேரத்தில் பாதுகாப்பு கண்ணாடி போட வேண்டும்.

எல்லா லேசரும் ஒன்றல்ல

ஊர்ப்பக்கம் கண்ணில் எது செய்தாலும் "லேசர் வச்சாங்க" என்பார்கள். அதில் குழப்பம் வருகிறது.

சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு வைக்கும் லேசர் வேறு. கண்ணின் நடுப்பார்வையை காப்பாற்ற, விழித்திரையின் ஓரப்பகுதியில் புள்ளி புள்ளியாக சுடுவார்கள். இருட்டில் பார்க்க உதவும் செல்கள் அந்த ஓரப்பகுதியில்தான் அதிகம். அதனால் அந்த லேசருக்கு பிறகு ராத்திரி பார்வையும் பக்கவாட்டு பார்வையும் கொஞ்சம் குறையலாம். அதற்காக அந்த சிகிச்சையை தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும். ஆனால் ராத்திரி வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

புரை ஆபரேஷன் செய்து சில வருடம் கழித்து, லென்சுக்கு பின்னால் உள்ள சவ்வு மங்கினால் அதற்கும் ஒரு லேசர் உண்டு. அது பெரும்பாலும் கூச்சத்தை குறைக்கும். புரை ஆபரேஷனில் தூரம், கிட்டம் இரண்டும் தெரியும் "மல்டிபோக்கல்" லென்ஸ் வைத்தவர்களுக்கும் விளக்கை சுற்றி வட்டம் தெரிவது உண்டு.

மாலைக்கண் என்பது இதில் எதுவுமே இல்லை. அது வைட்டமின் ஏ குறைவாலோ, பரம்பரையாக வரும் விழித்திரை நோயாலோ வருவது. லேசிக் செய்தவருக்கு விளக்கு மத்தாப்பாக தெரிந்தால், முருங்கைக்கீரையும் கேரட்டும் சாப்பிட்டு அது தீராது.

தென் மாவட்டத்து ஜனங்களுக்கு கண் ஆபரேஷன் புதிதல்ல. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த நாளில் இருந்து, முகாம்கள் மூலம் புரை எடுத்துக்கொண்டவர்கள் கிராமம் கிராமமாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் லேசிக்கையும் அதே மாதிரி நினைத்துக் கொள்கிறார்கள். ஒரு வித்தியாசம் இருக்கிறது. புரை ஆபரேஷன், தெரியாத கண்ணை தெரிய வைப்பது. லேசிக், கண்ணாடி போட்டால் நன்றாக தெரிகிற கண்ணில் செய்வது. அதை இன்றே செய்யாவிட்டால் கண் போய்விடாது. யோசிக்க நேரம் இருக்கிறது.

வேலைக்கு மனு போடுகிறவர்கள் கவனத்துக்கு

ரெயில்வேயில் உதவி லோகோ பைலட், அதாவது உதவி என்ஜின் டிரைவர் வேலைக்கு லேசிக் செய்தவர்கள் தகுதி இல்லை என்று தேர்வு அறிவிப்பிலேயே இருக்கிறது. கண்ணாடியை கழற்றினால் வேலை கிடைக்கும் என்று நினைத்து செய்துவிட்டு, மெடிக்கலில் வெளியே வந்தால் பணமும் போச்சு, வேலையும் போச்சு. ராணுவம், போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் விதி தனித்தனி. அறிவிப்பில் உள்ள மருத்துவ தகுதி பகுதியை படித்துவிட்டு பிறகு ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

* என் கண் பாப்பா இருட்டில் எவ்வளவு விரிகிறது? லேசர் வட்டம் எவ்வளவு வைப்பீர்கள்?

* கார்னியா தடிமன் எவ்வளவு? ஆபரேஷனுக்கு பின் எவ்வளவு மிஞ்சும்?

* கார்னியா வரைபடம் எடுத்தீர்களா? கூம்பு விழும் அறிகுறி ஏதும் இருக்கிறதா?

* கண்ணீர் சுரப்பு பரிசோதனை செய்தீர்களா?

* ராத்திரி தொல்லை வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? அதற்கு தனி செலவா?

கையெழுத்து போடும் ஒப்புதல் தாள் இங்கிலீஷில் இருந்தால், தமிழில் விளக்கி சொல்லும்படி கேட்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அது நோயாளியின் உரிமை.

"நான் ராத்திரி வண்டி ஓட்டுகிறவன்" என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்கு முன் டாக்டர் சொல்லும் நாட்களுக்கு அதை போடாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவு தப்பாகும். 18 வயது ஆகாதவர்கள், ஒரு வருடத்துக்குள் பவர் மாறியவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் பொறுத்திருக்க வேண்டும். 40 வயதை தாண்டினால் லேசிக் செய்தாலும் படிக்க கண்ணாடி வேண்டியிருக்கும்.

ஏற்கனவே செய்தவர்கள் என்ன செய்யலாம்?

முதல் சில வாரம் வட்டமும் கூச்சமும் பலருக்கு இருக்கும். 3 முதல் 6 மாதத்துக்குள் பெரும்பாலும் குறைந்து விடும். அதுவரை டாக்டர் சொல்லாமல் ராத்திரி வண்டி எடுக்கக் கூடாது. முதலாளியிடம் சொல்லி பகல் டிரிப் கேட்டு வாங்குவது கேவலம் இல்லை.

6 மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். "படிக்க முடியுது, ஆனா ராத்திரி லைட்டு விரியுது" என்று தெளிவாக சொல்ல வேண்டும். எப்படி தெரிகிறது என்று ஒரு பேப்பரில் வரைந்து காட்டினால் இன்னும் நல்லது.

டாக்டர்கள் முதலில் மிச்ச பவர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அரை பவர் மிச்சம் இருந்தாலும் பகலில் தெரியாது, ராத்திரி தொல்லை கொடுக்கும். அதற்கு ராத்திரி ஓட்டும்போது மட்டும் போட ஒரு கண்ணாடி போதும். வறட்சி இருந்தால் சொட்டு மருந்து தருவார்கள். பாப்பா அதிகம் விரியாமல் தடுக்கும் சொட்டு மருந்தும் உண்டு. அதை டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கி போடக் கூடாது. இதிலும் தீராதவர்களுக்கு கார்னியாவின் மேடு பள்ளத்தை மறைக்கும் கெட்டியான காண்டாக்ட் லென்சு, போதுமான தடிமன் இருந்தால் மறுபடி லேசர் திருத்தம் என்று வழிகள் இருக்கின்றன.

ரோட்டோரம் விற்கும் மஞ்சள் கண்ணாடியை "நைட் டிரைவிங் கண்ணாடி" என்று வாங்கி ஏமாற வேண்டாம். எதிர் விளக்கு கூச்சத்தில் நடந்து போகிறவரை கண்டுபிடிக்க அது உதவவில்லை என்று பரிசோதித்து பார்த்தவர்கள் சொல்லி இருக்கிறார்கள். கூலிங் கிளாஸ் போட்டு ராத்திரி ஓட்டுவது இன்னும் ஆபத்து.

செலவில்லாத சில வழிகளும் உண்டு. வண்டியின் முன் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்ற வேண்டும். எதிர் விளக்கை நேராக பார்க்காமல், ரோட்டின் இடது ஓர வெள்ளை கோட்டை பார்த்து வேகத்தை குறைக்க வேண்டும். எதிரே வருகிறவருக்காக டிம் அடிக்க வேண்டும். அவர் கண்ணிலும் லேசர் பட்டிருக்கலாம்.

லேசிக் கெட்டது என்று சொல்ல முடியாது. கண்ணாடி இல்லாமல் கண் விழிக்கும் சந்தோஷம் அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வேனில் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிந்தபடி வரும் பெண்களுக்கு, டிரைவரின் கண்ணில் விளக்கு எப்படி தெரிகிறது என்று தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் டிரைவர்தான்.

அதனால் கையெழுத்து போடுவதற்கு முன் டாக்டரை பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "ஐயா, பகல்ல தெரியும்னு சொல்றீங்க. ராத்திரி எனக்கு எப்படி தெரியும்?"